எழுத்தின் மணிக்கூலி

தமிழில் எழுதுவோனுக்குக் கிடைக்கும் பணத்திற்கு நாம் இட்டிருக்கும் பெயர் சன்மானம். கொத்தனுக்குக் கிடைப்பது கூலி; குமாஸ்தாவுக்குக் கிடைப்பது சம்பளம்; வழக்கறிஞருக்கும் வைத்தியருக்கும் கிடைப்பது கட்டணம். எழுதுவோனுக்கு மாத்திரம் சன்மானம். இச்சொல் கேட்பதற்கு இனியது, மரியாதை தோய்ந்தது. ஆனால் கூலிக்கும் கட்டணத்துக்கும் உள்ள ஒரு குணம் சன்மானத்துக்கு இல்லை. கூலியை வேலை செய்தவன் கேட்கலாம். சன்மானத்தைக் கேட்க இயலாது. அது கொடுப்பவர் மனம் உவந்து கொடுப்பது. எவ்வளவு என்று முன்கூட்டி வினவினால் மரியாதைக் குறைவு. இன்னும் வரவில்லையே என்று நினைவூட்டினால் பேராசை. இவ்வாறு ஒரு சொல்லின் இனிமைக்குள்ளே, எழுதிப் பிழைக்கும் ஒரு வகுப்பாரின் வறுமை பல தலைமுறைகளாக மறைந்து கிடக்கின்றது.

இதனை இவ்வாரம் எழுத நேர்ந்ததற்குக் காரணம், மாளிகாவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் எனக்கு எழுதிய கடிதம். பட்டப் படிப்பை முடித்தவர். தமிழும் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர். உத்தியோகம் எதிலும் அமராமல், வீட்டிலிருந்தபடியே எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கின்றார். நிறுவனங்களின் இணையத் தளங்களுக்கு வேண்டிய கட்டுரைகள், பொருள்களின் விவரணங்கள், விளம்பர வாசகங்கள், மொழிபெயர்ப்புகள் ஆகியவை அவர் தொழில். இன்று ‘உள்ளடக்கம் எழுதுதல்’ என்று இதற்குப் பெயர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் இத்தொழிலைக் கொண்டு குடும்பம் நடத்தும் இளைஞர்களும் யுவதிகளும் இருக்கின்றனர். கடிதத்தில் இருந்த கேள்வி ஒன்றேதான்: “மணிக்கு எவ்வளவு கேட்கலாம்?”

இலக்கியப் பகுதியில் இதற்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலக்கியம் வானிலிருந்து இறங்குவதன்று. அதை எழுதுகின்றவர் வாடகை கொடுக்கின்றார்; பாண் வாங்குகின்றார்; பிள்ளையின் அப்பியாசக் கொப்பிக்குப் பணம் தேடுகின்றார். பகலில் கூலிக்கு எழுதும் கைதான் இரவில் கதை எழுதுகின்றது. அந்தப் பகற்கூலி போதாதபோது முதலில் பறிபோவது இரவுக் கதையே. ஆகவே இக்கேள்வி நம் இலக்கியத்தின் அடித்தளத்தைப் பற்றிய கேள்வியென்றே கருதுகின்றேன்.

எழுத்துக்கு விலை பேசுவது தமிழ்ப் பண்புக்கு இழுக்கு என்போர் சங்கப் புலவரைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அவன் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தாம் வாணிகம் செய்து பரிசில் பெறுபவர் அல்லர் என்றார். புறநானூற்றின் 208 ஆம் பாட்டு அது. இதுவரை சொல்லி நிறுத்திவிடுகின்றவர்கள் பாட்டின் முடிவை மறந்துவிடுகின்றார்கள். என் தகுதியின் அளவை அறிந்து தந்தால், அது தினையளவாயினும் எனக்கு இனியதே என்பதன்றோ அப்புலவரின் முடிவு? அவர் வெறுத்தது பொருளையன்று. அளவறியாமல் வீசப்பட்ட பொருளை. புலமைக்கு ஓர் அளவு உண்டு. கொடுப்பவன் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதே அவர் வழக்கு. அந்த அளவைக் கொடுப்பவன் தானாக அறியாத காலத்தில், எழுதுகின்றவன்தான் அறிந்து சொல்ல வேண்டும். வள்ளுவரும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், முயற்சிக்குப் பயன் உண்டென்று கூறுமிடத்துக் கூலி என்ற சொல்லையே கூசாமல் ஆண்டிருக்கின்றார். நாம் கூசுவானேன்?

இனிக் கேள்விக்கு வருவோம். அவ்விளைஞரைப் போன்றவர்கள் பொதுவாகச் செய்யும் கணக்கு ஒன்று உண்டு. “எனக்கு மாதம் 1,20,000 ரூபா வேண்டும். மாதத்துக்கு 26 நாள்; நாளுக்கு 8 மணி; ஆக 208 மணி. வகுத்தால் மணிக்கு 577 ரூபா. சற்றுக் கூட்டி 600 ரூபா கேட்போம்.” இக்கணக்கில் எண் பிழை இல்லை. ஆயினும் இதன்படி நடப்பவர் ஆண்டு முடிவில் கடனாளியாவார். காரணம், இது உத்தியோகத்தரின் கணக்கு. உத்தியோகம் இல்லாதவர் அதை இரவல் வாங்கிக்கொண்டார்.

உத்தியோகத்தருக்குச் சம்பளம் மட்டுமா கிடைக்கின்றது? 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு, அவர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் செலுத்த, முதலாளி 12 வீதம் செலுத்துகின்றார். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னுமொரு 3 வீதம் செலுத்துகின்றார். கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டுச் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு கட்டி, ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் அளிக்கின்றது. மேசை, நாற்காலி, மின்சாரம், கணினி யாவும் அலுவலகத்துடையவை. காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் உண்டு. வேலை வராத நாளிலும் சம்பளம் உண்டு. சுயாதீனமாக எழுதுபவருக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அவரே தொழிலாளி, அவரே முதலாளி. ஆகையால் முதலாளி செலுத்த வேண்டியதை அவரே தமக்குச் செலுத்திக்கொள்ள வேண்டும். அதனை அவர் வேறெங்கிருந்து எடுப்பார்? தாம் கேட்கும் விலையிலிருந்துதான்.

எனவே கணக்கை மாதத்திலிருந்து தொடங்காமல் ஆண்டிலிருந்து தொடங்குவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. அவரவர் தத்தம் எண்களை இட்டுக்கொள்ளலாம். முறைதான் முக்கியம்.

வீட்டுச் செலவு மாதம் 1,20,000 ரூபா என்றால் ஆண்டுக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். தொழிற் செலவு, அதாவது கணினியின் தேய்மானம், இணையக் கட்டணம், மின்சாரம், நூல்கள், வங்கிக் கழிவுகள் ஆகியவை மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். முதலாளி செலுத்தியிருக்கக்கூடிய 12 வீதமும் 3 வீதமும் சேர்ந்த 15 வீதத்தை முதுமைக்காக ஒதுக்கினால் 2 இலட்சத்து 16 ஆயிரம். நோய்க்கும் வேலையற்ற மாதங்களுக்குமாகப் பத்து வீதம் ஒதுக்கினால் 1 இலட்சத்து 44 ஆயிரம். கூட்டினால் 19 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இதுவே அவர் ஆண்டுக்கு ஈட்ட வேண்டிய தொகை.

இனி மணிகளை எண்ணுவோம். ஆண்டுக்கு 52 வாரம். பெருநாள், பொங்கல், போயா, நோய், ஓய்வு என ஆறு வாரங்களைக் கழித்தால் எஞ்சுவது 46 வாரம். வாரத்துக்கு 40 மணி என்றால் 1,840 மணி. இவை எல்லாவற்றையும் விற்க முடியுமா? முடியாது. வேலை தேடுவதற்கு நேரம் வேண்டும். கேட்பவரோடு கடிதப் போக்குவரத்துக்கும், அவர் தருவதாகச் சொன்ன விவரங்களுக்காகக் காத்திருப்பதற்கும், பற்றுச்சீட்டு எழுதுவதற்கும், வராத பணத்தை நினைவூட்டுவதற்கும், தொழிலின் புதுமைகளைக் கற்பதற்கும் நேரம் வேண்டும். இவற்றுக்கு எவரும் பணம் தரமாட்டார். தம் நேரத்திற் சரிபாதியை விற்க முடிந்தவர் பாக்கியசாலி. அப்படியானால் விற்கக்கூடியவை 920 மணி.

19 இலட்சத்து 80 ஆயிரத்தை 920 ஆல் வகுத்தால் கிடைப்பது 2,152. மணிக்கு ஏறத்தாழ 2,150 ரூபா. முன்னைய கணக்கில் வந்த 577 எங்கே, இந்த 2,150 எங்கே! நாலு மடங்குக்குச் சற்றே குறைவு. பேராசையால் வந்த வேறுபாடு அன்று இது. வீட்டுச் செலவு இரண்டு கணக்கிலும் அதே 1,20,000 ரூபாதான். மறந்துபோன செலவுகளும் விற்க முடியாத மணிகளும் இரண்டாவது கணக்கில் தம் முகத்தைக் காட்டியிருக்கின்றன, அவ்வளவே.

வரி என்னாவது என்று கேட்கலாம். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வரி விலக்கு உண்டு. நம் எடுத்துக்காட்டில் தொழிற் செலவைக் கழித்தால் நிற்பது சரியாக 18 இலட்சம். ஆகவே இந்த அளவில் வரிச்சுமை இல்லை. அதற்கு மேல் ஈட்டுபவர், வரியையும் ஆண்டுச் செலவுகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்காக வங்கி மூலம் வரும் அந்நியச் செலாவணி வருமானத்துக்கு உச்சவரி 15 வீதம் என்பதும் அதே ஆண்டிலிருந்து நடைமுறை. வரிக்கோப்பைத் திறக்க அஞ்சி விலையைக் குறைத்துச் சொல்லுபவர்கள், வரிக்கும் பயன்படார், தமக்கும் பயன்படார்.

2,150 ரூபா என்றதும் மலைப்படைவோர் மறுபக்கத்தையும் நோக்குக. 2025 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா. மாதம் 200 மணி வேலை என்று கொண்டால், அது மணிக்கு 150 ரூபா. ஆயிரம் சொற்கொண்ட ஒரு கட்டுரைக்கு, படிப்பதற்கு 2 மணி, எழுதுவதற்கு 3 மணி, திருத்துவதற்கு 1 மணி, ஆக 6 மணி செல்லும் என்று வைத்துக்கொள்வோம். அதனைச் சொல்லுக்கு ஒரு ரூபாவாக எழுதித் தர ஒருவர் இசைந்தால், மணிக்கு அவர் பெறுவது 167 ரூபா. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு கற்ற கல்விக்கு, சட்டம் வகுத்த கடைநிலை ஊதியத்துக்கு மேலே 17 ரூபா! அதிலும் சேமலாப நிதி இல்லை, விடுமுறை இல்லை, காத்திருந்த மணிகளுக்குக் கணக்கும் இல்லை. சட்டம் ஊழியருக்கு அடித்தளம் ஒன்றை இட்டிருக்கின்றது. சுயாதீன எழுத்தாளருக்கு அத்தகைய அடித்தளம் எதையும் அது இடவில்லை. அதை அவரே இட்டுக்கொள்ளாவிட்டால், நிலத்துக்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போகலாம்.

மாளிகாவத்தையிலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கமாக நடந்து செல்பவர், மோட்டார் உதிரிப்பாகக் கடைகளைக் காண்பார். வாகனம் பழுது பார்க்கும் மெக்கானிக் கணக்குச் சொல்லும் முறையைக் கவனியுங்கள். பாகத்தின் விலை வேறு, கைக்கூலி வேறு. பிரித்துப் பார்த்த பின்னர்தான் பழுது எதுவென்று தெரியும் என்றால், பிரித்துப் பார்ப்பதற்கும் கூலி உண்டு. முச்சக்கர வண்டியின் மீட்டர், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் ஓடுகின்றது, காத்திருப்புக்கும் காசு. மாலையில் ரியூஷன் வகுப்பு நடத்தும் ஆசிரியர், பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடுகின்றார். இவர்களை எவரும் பேராசைக்காரர் என்று சொல்வதில்லை. எழுத்தாளரின் மீட்டர் மட்டும், பேனை தாளைத் தொடும்போது ஓடி, எடுத்ததும் நின்றுவிட வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கின்றது. சிந்திப்பதற்கும் தேடுவதற்கும் மூன்றாம் முறை திருத்துவதற்கும் மீட்டர் ஓடக்கூடாதாம்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கு என்பது எழுதுபவர் தம் கையில் வைத்துக்கொள்ளும் அளவுகோல்; வாங்குபவரிடம் நீட்டும் பட்டியலாக அது இருக்க வேண்டியதில்லை. வாங்குபவருக்கு வேண்டியது கட்டுரை. உங்கள் மணிகள் அல்ல. ஆறு மணி செல்லும் கட்டுரைக்கு 12,900 ரூபா, அதாவது சொல்லுக்கு ஏறத்தாழ 13 ரூபா என்று முழு வேலைக்கு விலை சொல்லலாம். பழக்கத்தால் நீங்கள் அதை நாலு மணியில் முடித்தால் அந்த இலாபம் உங்கள் தேர்ச்சிக்கு உரியது. மணிக்கணக்கில் விற்பவர், தேர்ச்சி கூடக்கூட வருமானம் குறையக் காண்பார். ஆனால் உள்ளே மணிக்கணக்கு இல்லாமல் வெளியே வேலைக்கணக்குச் சொல்வது இருட்டில் நடப்பதற்கு ஒப்பாகும். எனவே எந்த வேலைக்கு எத்தனை மணி சென்றது என்று ஒரு கொப்பியில் மூன்று மாதமாவது குறித்து வைக்கவேண்டும். அந்தக் கொப்பியே எழுத்தாளரின் உண்மையான ஆலோசகர்.

இதை அறியாமல் வருந்தியவர்களுள் பெரியோரும் உண்டு. ஆங்கிலப் பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன், 1746 இல் லண்டன் நூல் விற்பனையாளர்களோடு அகராதி ஒன்று தொகுப்பதற்கு ஒப்பந்தம் செய்தார். தொகை 1,500 கினி, அக்காலத்தில் சிறிதன்று. மூன்று ஆண்டில் முடிப்பதாக அவர் எண்ணம். அகராதி வெளிவந்தது 1755 இல். மூன்று ஆண்டு ஒன்பது ஆண்டாயிற்று. படியெழுதுவதற்கு அமர்த்திய உதவியாளர்களின் கூலியும் அதே தொகையிலிருந்துதான். நூல் வெளிவந்த மறு ஆண்டே, ஆறு பவுணுக்கும் குறைந்த கடனுக்காக அவர் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1762 இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண் உபகாரச் சம்பளம் வழங்கிய பின்னரே அவருடைய முட்டுப்பாடு தீர்ந்தது. ஆங்கில மொழியின் சொற்களுக்கெல்லாம் பொருள் சொன்னவர், தம் மணிகளுக்கு விலை சொல்ல மறந்தார். காலம் நீண்டால் கூலி எப்படி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அவ்வரலாறு வேறாக இருந்திருக்கலாம்.

ஆகவே விலையோடு நிபந்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை சொல், எந்தத் திகதி, எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் திருத்தினால் எவ்வளவு, பாதிப் பணம் முன்னதாக, மீதி எத்தனை நாளுக்குள் என்ற ஆறும் ஒரு தாளில் அடங்கும். வாய்மொழியை நம்பி இரண்டு திருத்தம் ஏழு திருத்தமாகிய வேலையில், மணிக்கூலி பாதியாகிவிடுகின்றது.

விலை என்றும் நிலையாக நிற்பதுமன்று. 2022 இன் அனுபவத்தை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டு மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஓராண்டுக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கிய பண்டத்துக்கு ஏறத்தாழ 1,700 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் பழைய விலைக்கே எழுதிக்கொண்டிருந்தவர், உண்மையில் தம் கூலியைப் பத்தில் நான்கு பங்கு தாமே குறைத்துக்கொண்டார். பாண் விலை ஏறியபோது பேக்கரிக்காரர் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பித்து, புதிய விலை இத்தேதி முதல் என்று முன்னறிவித்தல் தொழில் ஒழுங்கு. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

“நான் இந்த விலை சொன்னால், இதற்குப் பாதியில் எழுத இன்னொருவர் இருக்கின்றாரே?” இது நியாயமான அச்சம். உலகம் முழுதும் ஒரே சந்தையாகிவிட்ட காலத்தில், மாளிகாவத்தைக்காரர் மணிலாவோடும் நைரோபியோடும் போட்டியிடுகின்றார். போதாததற்கு 2022 இன் இறுதியிலிருந்து, கேட்டதும் பக்கம் பக்கமாக எழுதித்தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. “இயந்திரம் இலவசமாக எழுதுகிறது, உமக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்கும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய விடை இது: எழுத்தின் விலை, தாளை நிரப்பும் விலையன்று. எது உண்மை என்று ஆராய்வதற்கும், எதை விடுவது என்று தீர்மானிப்பதற்கும், பிழை நேர்ந்தால் பெயர் சொல்லிப் பொறுப்பேற்பதற்கும் உரிய விலை அது. இயந்திரம் தந்ததைத் திருத்தித் தருமாறு கேட்டாலும் கொப்பியில் மணியைக் குறித்துக்கொண்டே திருத்துக. திருத்துவதற்குச் செல்லும் நேரம், புதிதாக எழுதுவதற்குச் செல்லும் நேரத்தை மிஞ்சும் வேளைகள் உண்டு. தாளை நிரப்புவது ஒன்றே தொழிலாகக் கொண்டவருக்கு இனிப் பிழைப்பு அரிது. இதை மறைப்பதில் பயனில்லை. அத்தகைய வேலையில் விலையைக் குறைத்துக்கொண்டே போவதைவிட, அறிவும் பொறுப்பும் வேண்டும் வேலைக்கு ஏறிச் செல்வதே வழி.

பெற்றோர் வீட்டிலிருந்து எழுதும் மாணவருக்கும் ஒரு சொல். உங்களுக்கு வாடகை இல்லை. கைச்செலவுக்குக் கிடைத்தால் போதும் என்று 300 ரூபாவுக்கு எழுதித் தருகின்றீர்கள். ஐந்து ஆண்டு கழித்து நீங்களே குடும்பத்தராகி 2,150 கேட்கும்போது, அன்றைய மாணவர் ஒருவர் 300 ரூபாவோடு எதிரே நிற்பார். இன்று நீங்கள் வெட்டும் குழி உங்களுக்கே. வீட்டிலிருந்து எழுதும் பெண்களிடம் “சும்மா இருக்கும் நேரத்தில்தானே எழுதுகின்றீர்கள்” என்று விலை குறைப்போரும் உளர். சமையலும் பிள்ளை பராமரிப்பும் போக ஆண்டுக்கு 600 மணியே விற்க முடிகின்ற பெண்ணின் ஒவ்வொரு மணியும் அரியது. அரிய பொருளின் விலை குறைவானேன்?

எனினும் மெய்யான இடர்ப்பாடு ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரை முழுமையாகாது. ஆங்கிலத்தில் வெளிநாட்டவருக்கு எழுதினால் கிடைக்கும் பணம், தமிழில் இந்நாட்டவருக்கு எழுதினால் கிடைப்பதில்லை. தமிழ் வாசகர் தொகை சிறிது; தமிழ் விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகையும் சிறிது. தமிழை விட்டு ஓடிவிடுவதா? வேண்டியதில்லை, கணக்கே இதற்கும் வழி சொல்லும். சராசரி 2,150 நிற்க வேண்டும். விற்கும் மணிகளில் பாதியைத் தமிழ் வேலைக்கு 1,000 ரூபாவாகக் கொடுத்தால், மறுபாதியை 3,300 ரூபாவாக விற்க வேண்டும். 3,300 கிடைக்கவில்லையென்றால், தமிழுக்குக் கொடுக்கும் மணிகளைக் குறைக்க வேண்டும். தமிழுக்காக நாம் செய்யும் தியாகத்துக்கு இவ்வாறு ஓர் எண் கிடைக்கின்றது. மணிக்கு 1,150 ரூபாவை நான் என் மொழிக்குக் கொடுக்கின்றேன் என்று அறிந்து கொடுப்பவர் வள்ளல். அறியாமல் கொடுப்பவர் ஏமாளி. கொடுக்கும் தொகை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முன்னவர் நெடுங்காலம் கொடுப்பார். பின்னவர் மூன்றாம் ஆண்டில் முறிந்துபோவார்.

நம் கண்முன் வாழ்ந்து மறைந்த டொமினிக் ஜீவாவை இங்கு நினைத்துக்கொள்கின்றேன். 1966 இல் யாழ்ப்பாணத்தில் அவர் தொடங்கிய ‘மல்லிகை’, நானூறு இதழ்களை எட்டி 2012 வரை வந்தது. பிற்காலத்தில் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், ஸ்ரீ கதிரேசன் வீதியில் அதற்கு அகம் அமைந்தது. முடிதிருத்தும் தொழிலைத் தம் தொழில் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர் அவர். அந்த நிலையத்திலிருந்தே இதழை நடத்தினார். இதழ்களைக் கையில் ஏந்தித் தாமே விற்றார். உழைப்பின் கூலியை வாங்குவதிலும், இதழின் விலையை வாங்குவதிலும் அவர் கூசியதாக யாம் அறியோம். முடிதிருத்தும் நிலையங்களின் சுவரில் விலைப்பட்டியல் தொங்குவதைக் காண்கின்றோம். உள்ளே வருபவர் அதைப் பார்த்துவிட்டே அமர்கின்றார். அதனால் அங்கே பேரம் இல்லை, மனக்கசப்பும் இல்லை. எழுத்தாளர் மேசைக்கு மேலேயும் அத்தகைய பட்டியல் ஒன்று தொங்குமானால், எத்தனை நட்புகள் முறியாமல் நிலைத்திருக்கும்!

தனியொருவர் தொங்கவிடும் பட்டியலைவிடப் பலர் கூடித் தொங்கவிடும் பட்டியலுக்கு வலிமை மிகுதி. பிரித்தானியாவில் 1884 இல் எழுத்தாளர்கள் தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டார்கள். அங்குள்ள தேசிய பத்திரிகையாளர் சங்கம், சுயாதீன எழுத்தாளர்களுக்கு வழிகாட்டும் கட்டண விவரத்தை வெளியிடுகின்றது. 2023 இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் எழுதுகோலைக் கீழே வைத்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளுள் ஊதியமும் இருந்தது. இயந்திர எழுத்துக்கு வரம்பும் இருந்தது. அவ்வளவு தூரம் நாம் செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற நம் அமைப்புகள், நூல் வெளியீட்டு விழாக்களுக்கிடையே ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, எழுத்து, மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் ஆகிய மூன்றுக்கும் வழிகாட்டும் விலைகளை ஆராய்ந்து வெளியிடலாம். ஆசிரியர்கள், மாணவருக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும்போது, எழுதிய கட்டுரைக்குப் பற்றுச்சீட்டு எழுதவும் கற்பிக்கலாம். நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தும் பெரியோர், அப்பொன்னாடையின் விலைக்கு நூலின் பிரதிகளை வாங்கலாம். பத்திரிகைகளும், சன்மானம் இவ்வளவு, இத்தனை நாளுக்குள் என்று முன்கூட்டியே அச்சிட்டு அறிவித்தல் நன்று. இப்பகுதிக்கும் அந்த விதி பொருந்தும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாளிகாவத்தை அன்பருக்கு என் விடை இதுவே. உங்கள் ஆண்டுச் செலவை எழுதுங்கள்; விற்கக்கூடிய மணிகளை எண்ணுங்கள்; வகுத்து வருவது உங்கள் அடிவிலை. கேட்கும் விலை அதற்குச் சற்று மேலே இருக்கட்டும். பேரம் பேசுபவர் குறைத்தாலும் அடிவிலைக்குக் கீழே போகாதிருக்கும். அதற்குக் கீழே எழுதுவதாயின் யாருக்காக எழுதுகின்றோம், எத்தனை மணி எழுதுகின்றோம் என்று அறிந்தே எழுதுங்கள். மிச்சமாகும் மணிகளை எவருக்கும் விற்காதீர்கள். அவற்றில்தான் உங்கள் கவிதையும் கதையும் இருக்கின்றன. அவற்றை எதிர்பார்த்தே இப்பகுதியின் வாசகர்களும் காத்திருக்கின்றார்கள்.